அரை அங்குல இடைவெளி
(பழைய காரில் ஹெடர் பொருத்துவது பற்றி ஒரு விளக்கம்)

மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு



சைலன்சர் என்றால் நம் எல்லோருக்கும் தெரியும். விடுதி ஷெட்டில் நிற்கும் பல பைக்குகளில் கம்பெனி சைலன்சர் இல்லை. "இதை மாட்டினா பவர் ஏறும் மச்சி" என்கிறார்கள். ஏன் ஏறும், எவ்வளவு ஏறும் என்று கேட்டால் பதில் வருவதில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நூலகத்தில் தேடப் போய்த்தான் ஹெடர் என்ற விஷயம் எனக்குப் புரிந்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை மூன்று தடவை படித்தால்தான் எனக்கு ஏறும். அப்படிப் படித்ததை நம் மொழியில் எழுதி வைத்தால் ஜூனியர்களுக்குப் பயன்படுமே என்றுதான் இந்தக் கட்டுரை.

ஹெடர் என்றால் என்ன?

இன்ஜினில் எரிந்து முடிந்த புகை, சிலிண்டர் ஹெட்டை விட்டு வெளியே வந்ததும் நுழையும் முதல் பாகம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. கம்பெனியில் இதை வார்ப்பிரும்பில் வார்க்கிறார்கள். விலை குறைவு, சத்தம் வராது, இடம் அடைக்காது, பல வருஷம் உழைக்கும். ஆனால் எல்லா சிலிண்டர் புகையும் ஒரே குட்டையான பெட்டிக்குள் வந்து முட்டிக்கொள்கிறது.

ஹெடர் என்பது இதற்குப் பதிலாகப் போடுவது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி எஃகுக் குழாய். அந்தக் குழாய்கள் கொஞ்ச தூரம் தனியாகப் போய், பிறகு கலெக்டர் என்ற இடத்தில் ஒன்று சேரும். குழாயின் தடிமன் சுமார் 1.2 முதல் 2 மி.மீ. வரைதான். பார்க்க அழகாக இருக்கும். பொருத்தப் போனால்தான் அதன் குணம் தெரியும்!

புகை ஓர் அலை

எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது சிலிண்டருக்குள் இன்னும் நல்ல அழுத்தம் இருக்கிறது. அது "டப்" என்று குழாய்க்குள் பாய்கிறது. அப்போது புகை நகர்வது ஒரு பக்கம், அழுத்த அலை ஓடுவது இன்னொரு பக்கம். சூடான வாயுவில் இந்த அலை விநாடிக்குச் சுமார் 600 மீட்டர் வேகத்தில் போகும். குழாய் முடிந்து அகலமான கலெக்டர் வந்ததும், அலை திரும்பி வருகிறது. திரும்பும்போது அது அழுத்தக் குறைவு அலையாக, அதாவது உறிஞ்சும் அலையாக மாறிவிடுகிறது. சரியான நேரத்தில் அது வால்வுக்கு வந்து சேர்ந்தால் மிச்சப் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். உள்ளே புதுக் காற்றுக்கு இடம் கிடைக்கும். ஹெடரால் வரும் பவரில் பெரும்பங்கு இதுதான்.

ஒரு சின்னக் கணக்கு. குழாய் நீளம் 0.8 மீட்டர் என்றால் போக வர 1.6 மீட்டர். 600ஆல் வகுத்தால் சுமார் 2.7 மில்லி விநாடி. 6000 ஆர்.பி.எம்.-மில் ஒரு சுற்றுக்கு 10 மில்லி விநாடி. எனவே அலை போய்த் திரும்புவதற்குள் கிராங்க் சுமார் 96 டிகிரி திரும்பியிருக்கும். 3000 ஆர்.பி.எம்.-மில் இதில் பாதி, 48 டிகிரிதான். அலைக்கு எடுக்கும் நேரம் மாறவில்லை. கிராங்க்கின் வேகம்தான் மாறுகிறது. ஆகவே ஒரு நீளம் ஒரு வேகத்துக்குத்தான் நன்றாக ஒத்துவரும். "எல்லா ஸ்பீடிலும் பவர்" என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

நாலும் எட்டும்

நம் லேபில் ஸ்டாண்டில் நிற்கும் பழைய அம்பாசடர் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினைப் போய்ப் பாருங்கள். நாலு சிலிண்டர்; ஆனால் எக்ஸாஸ்ட் துளை மூன்றுதான். நடுவில் உள்ள 2, 3 இரண்டும் ஒரே துளையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. முட்டிக்கொள்ளாதா? ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. இதில் 3க்கும் 2க்கும் நடுவே சரியாக 360 டிகிரி இடைவெளி. ஒன்று போய் ஒரு சுற்று கழித்துத்தான் மற்றொன்று வருகிறது. 1, 4 ஜோடிக்கும் அப்படியே. அதனால் பங்கு போட்டாலும் பெரிய சண்டை இல்லை.

வி-8 இன்ஜினில் கதை வேறு. உதாரணமாக ஃபோர்டு 289 கன அங்குல (4.7 லிட்டர்) இன்ஜினை எடுத்துக்கொள்வோம். ஃபயரிங் ஆர்டர் 1-5-4-2-6-3-7-8. வலது பக்கம் 1 முதல் 4, இடது பக்கம் 5 முதல் 8. 90 டிகிரிக்கு ஒரு வெடிப்பு. வரிசையைக் கவனித்தால், வலது பக்கத்தில் 4, 2 இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. இடது பக்கத்தில் 7, 8 அடுத்தடுத்து. இந்த ஜோடிகள் ஒரே பெட்டிக்குள் 90 டிகிரி இடைவெளியில் மோதும். எனவே 4ஐ 2ஓடு சேர்க்கக் கூடாது, 7ஐ 8ஓடு சேர்க்கக் கூடாது. 1-2, 3-4, 5-7, 6-8 என்று ஜோடி சேர்த்தால் ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே குறைந்தது 270 டிகிரி கிடைக்கும். பேப்பரில் நீங்களே போட்டுப் பாருங்கள். நாலு குழாய் முதலில் இரண்டாகி, பிறகு ஒன்றாகும் இந்த வகைக்கு டிரை-ஒய் ஹெடர் என்று பெயர். மூன்று ஒய் எழுத்து போல இருப்பதால் அந்தப் பெயர்.

ஏன் மஸ்டாங்?

இந்த 289 இன்ஜின் உட்கார்ந்த பிரபலமான கார்தான் ஃபோர்டு மஸ்டாங். 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமானது. அதற்கு அடித்தளம் 1960 மாடலாக வந்த ஃபால்கன் என்ற சிறிய கார். ஃபால்கனை வரைந்தபோது மனதில் இருந்தது ஒல்லியான ஆறு சிலிண்டர் நேர் இன்ஜின். அதே அடித்தளத்தில் பிறகு அகலமான வி-8 இன்ஜினை இறக்கினார்கள். அம்பாசடர் போனட்டைத் திறந்தால் இன்ஜினைச் சுற்றிக் கை தாராளமாகப் போகும். மஸ்டாங்கில் ஸ்பேனர் போகவே யோசிக்கும். அதனால்தான் நெருக்கமான இன்ஜின் அறைக்கு இந்தக் காரையே உதாரணமாக எடுத்துக்கொண்டேன்.

1965இல் கரோல் ஷெல்பியின் நிறுவனம் இந்தக் காரை ஜி.டி.350 என்ற பந்தயச் சாயல் காராக மாற்றியபோது டிரை-ஒய் ஹெடரைப் போட்டது. 271 குதிரைத்திறன் இன்ஜின் 306 ஆனது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூடிய 35உம் ஹெடர் மட்டும் தந்ததல்ல. பெரிய கார்புரேட்டரும் அலுமினிய இன்டேக் மேனிஃபோல்டும் கூடவே மாற்றப்பட்டன. உள்ளே காற்று கூடுதலாக வந்தால்தான் வெளியே போகும் வழியைப் பெரிதாக்குவதில் அர்த்தம்.

இடத்தைப் பிடித்திருப்பவர்கள்

மஸ்டாங்கின் முன் சஸ்பென்ஷனில் காயில் ஸ்பிரிங், மேல் கண்ட்ரோல் ஆர்முக்கு மேலே உட்காருகிறது. அதைத் தாங்க இரண்டு பக்கமும் தகரக் கோபுரம் மாதிரி ஷாக் டவர். இன்ஜின் அவற்றுக்கு நடுவே மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். எக்ஸாஸ்ட் துளைகள் அந்தக் கோபுரங்களைப் பார்த்தபடிதான் திறக்கின்றன. குழாய் வெளியே வந்ததும் உடனே கீழே வளைய வேண்டும்.

அமெரிக்கக் கார் என்பதால் ஓட்டுநர் இடது பக்கம். அதனால் இடது பக்கம்தான் அதிக நெருக்கடி. ஸ்டியரிங் பாக்ஸ் அங்கே. பிட்மன் ஆர்மும் அதோடு சேர்ந்த கம்பிகளும் அங்கே. பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் தனியாக ஒரு கண்ட்ரோல் வால்வும் தள்ளு சிலிண்டரும் அந்தக் கம்பிகளோடு தொங்கும். கியர் வண்டியாக இருந்தால் கிளட்ச் இணைப்புக்கு இசட்-பார் என்ற குறுக்குக் கம்பி. ஒரு முனை இன்ஜின் பக்கம், மறு முனை பாடி பக்கம். பிரேக் மாஸ்டர் சிலிண்டரும் அதன் குழாய்களும் அதே மூலையில்தான். வலது பக்கம் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் அங்கே செல்ஃப் மோட்டார் கீழே உட்கார்ந்திருக்கிறது. ஹெடர் சூடு பட்டால், ஓடி நிறுத்திய வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆக மக்கர் செய்யும். இரண்டு பக்கமும் பிளக் ஒயர்கள் குழாய்களுக்கு நடுவேதான் போக வேண்டும்.

இடைவெளி நின்ற இடத்தில் நிற்காது

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். வண்டி ஆறி, இன்ஜின் நின்றிருக்கும்போது ஒரு விரல் இடம் தெரிகிறது. "போதும்பா" என்று போல்ட்டை இறுக்கிவிடுகிறோம். ஆனால் அந்த இடைவெளி ஓடும்போது அப்படியே இருக்காது.

முதல் காரணம் வெப்பம். நாம் இயற்பியலில் படித்த நீட்சிக் கணக்கேதான். 30 அங்குலம், அதாவது 762 மி.மீ. குழாய். 400 டிகிரி சூடு ஏறுகிறது என்று வைப்போம். சாதாரண எஃகின் நீட்சிக் கெழு டிகிரிக்கு சுமார் பத்து லட்சத்தில் 12 பங்கு. பெருக்கினால் 3.7 மி.மீ. ஸ்டெயின்லெஸ் எஃகு என்றால் கெழு சுமார் 17, நீட்சி 5.2 மி.மீ. குழாய் வளைந்து வளைந்து போவதால் எல்லா நீட்சியும் ஒரே திசையில் வராது. ஆனால் கலெக்டர் முனை நகர்ந்தே தீரும். அதனால்தான் பின்னால் போகும் பைப்பை பாடியோடு விறைப்பாகப் பிடிக்காமல் ரப்பர் தொங்கலில் விடுகிறார்கள்.

இரண்டாவது காரணம் இன்ஜினின் ஆட்டம். இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. கிராங்க் ஒரு பக்கம் சுற்றினால் எதிர்விசை இன்ஜின் உடலை மறுபக்கம் திருப்பப் பார்க்கும். முன்னாலிருந்து பார்க்கும்போது கடிகார திசையில் சுற்றும் இந்த இன்ஜினில், ஆக்சிலேட்டரை அழுத்தினால் இடது பக்கம் மேலே தூக்கும், வலது பக்கம் கீழே அழுந்தும். இது சாதாரணம் என்று நினைக்காதீர்கள். 1971இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சுமார் 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது இன்ஜின் மவுண்டிங் காரணமாகத்தான். ரப்பர் பிய்ந்து இன்ஜின் தூக்கிக்கொண்டால் ஆக்சிலேட்டர் இணைப்பு இழுபட்டுத் திறந்தபடி நின்றுவிடும் அபாயம் இருந்தது.

இப்போது கூட்டிப் பாருங்கள். வெப்பத்துக்கு 4 மி.மீ., ஆட்டத்துக்குச் சில மி.மீ. கால் அங்குலம் (6 மி.மீ.) விட்டிருந்தால் மிச்சம் ஒன்றும் இல்லை. அரை அங்குலம் விட்டால்தான் மூச்சு விட இடம்.

இடித்தால் என்ன ஆகும்? பாடியில் தட்டினால் சத்தம்தான் வரும். ஸ்டியரிங் கம்பியில் தட்டினால்? திருப்பத்தில் ஸ்டியரிங் சிக்கும். பிரேக் குழாய் பக்கத்தில் இருந்தால்? டாட்-3 பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு 140 வரை இறங்கலாம். குழாய்க்குள் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். 1967க்கு முந்தைய மஸ்டாங்குகளில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை வழி. ஓரிடத்தில் போனால் நாலு சக்கரத்துக்கும் போச்சு. பவருக்காக மாட்டிய ஒரு குழாய், ஒரு குடும்பத்தையே தெருவில் நிறுத்திவிடும். இதை மறக்கக் கூடாது.

பொருத்தும் முறை

முதல் நாளே பழைய மேனிஃபோல்டு போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறப் போட வேண்டும். மறுநாள் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, வண்டியை ஜாக்கி ஸ்டாண்டில் நிறுத்துவது. செங்கல், கட்டை எல்லாம் வேண்டாம், உயிர் ஒன்றுதான்.

அடுத்து, ஹெடரைத் தொடுவதற்கு முன்பே இன்ஜின் மவுண்டிங்கைப் பாருங்கள். ரப்பர் தளர்ந்திருந்தால் இன்ஜின் இறங்கி உட்கார்ந்திருக்கும். அந்த நிலையில் அளவெடுத்துப் பொருத்தி, நாளைக்குப் புது மவுண்டிங் போட்டால் எல்லா இடைவெளியும் மாறிவிடும்.

பழைய போல்ட் வர மறுத்தால் பலத்தைக் காட்டக் கூடாது. கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். ஹெட்டுக்குள் ஒடிந்தால் துளை போட்டு எடுக்க ஒரு நாள் போய்விடும். இந்த இன்ஜினில் மரை 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை. நம்ம ஊர் எம்-10 போல்ட் பார்க்க அதே மாதிரி இருக்கும். அதை முறுக்கி ஏற்றினால் ஹெட் மரை காலி.

புது ஹெடரின் ஃபிளாஞ்ச் தட்டையாக இருக்கிறதா என்று ஸ்ட்ரெய்ட் எட்ஜும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்க்க வேண்டும். வெல்டிங் சூட்டில் ஃபிளாஞ்ச் வளைவது சகஜம். முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடித்துக் கை கொப்புளித்ததே, அந்த வேலை இங்கேதான் கை கொடுக்கும்.

வலது பக்கத்தை முதலில் செய்வது நல்லது, கை பழகும். செல்ஃப் மோட்டாரையும் பிளக்குகளையும் முன்பே கழற்றி வைக்கவும். இல்லையென்றால் பிளக்கின் பீங்கான் உடையும். இடது பக்கக் குழாயை மேலிருந்து விட முடியாவிட்டால் கீழிருந்து ஏற்ற வேண்டும். அதற்கு ஸ்டியரிங் இணைப்பையும் இசட்-பாரையும் கழற்றி, சம்புக்கு அடியில் அகலமான பலகை வைத்து, மவுண்டிங் போல்ட்டைத் தளர்த்தி இன்ஜினைக் கொஞ்சம் தூக்க வேண்டியிருக்கும். பலகை இல்லாமல் ஜாக்கியை நேராக வைத்தால் சம்ப் நசுங்கும்.

கேஸ்கெட்டை வைத்து, எல்லா போல்ட்டையும் முதலில் கையாலேயே இரண்டு மூன்று மரை ஏற்ற வேண்டும். ஒரு போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததைத் தேடினால் துளை நேராக வராது. பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக, மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும்.

இப்போது சப்பாத்தி மாவுப் பரீட்சை! இன்ஜின் ஆறியிருக்கும்போதே, நெருக்கமான இடங்களில் சின்னச் சின்ன மாவு உருண்டை ஒட்டி வையுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை திருப்பட்டும். கிளட்சை முழுசாக மிதிக்கட்டும். இன்னொருவர் நெம்புகோல் வைத்து இன்ஜினை இரண்டு பக்கமும் மெதுவாக ஆட்டட்டும். பிறகு உருண்டையை எடுத்து, நசுங்கி மிச்சம் இருக்கும் தடிமனை அளந்து பாருங்கள். அதுதான் உண்மையான இடைவெளி. வெப்ப நீட்சி இன்னும் பாக்கி இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாவைச் சுத்தமாக எடுத்துவிட்டு, கழற்றியதையெல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்ததும் "டிக் டிக்" சத்தம் வந்தால் ஃபிளாஞ்சில் கசிவு. வண்டி நன்றாக ஆறிய பிறகு மறுபடி எல்லா போல்ட்டையும் இறுக்க வேண்டும். சில தடவை ஓட்டிய பிறகு இன்னொரு முறை. சூடாகி ஆறும்போது கேஸ்கெட் அமுங்கும், போல்ட் தளரும். கசிவைச் சும்மா விடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஃபயர்வால் ஓட்டை வழியாக அது வண்டிக்குள் போனால் ஆபத்து.

இடிக்கிறதே, என்ன செய்யலாம்?

சரியான வழி, அந்த வண்டிக்கும் அந்த உபகரணத்துக்கும் ஏற்ற ஹெடரை முதலிலேயே தேர்ந்தெடுப்பது. பவர் ஸ்டியரிங் உண்டா, கியர் வண்டியா, எந்த செல்ஃப் மோட்டார் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். தள்ளு சிலிண்டரைக் கீழே இறக்கும் பிராக்கெட்டும், சின்ன அளவு செல்ஃப் மோட்டாரும் இதற்காகவே கிடைக்கின்றன.

குழாயைச் சூடாக்கித் தட்டி லேசாகத் தட்டையாக்குவதும் உண்டு. பார்க்க மனசு கஷ்டப்படும். ஆனால் கணக்குப் போட்டால் பயம் போகும். 38 மி.மீ. உள்விட்டக் குழாயைச் சுற்றளவு மாறாமல் 32 மி.மீ. தடிமனுள்ள நீள்வட்டமாக்கினால் பரப்பளவு குறைவது சுமார் 4 சதவீதம்தான். கூரான பள்ளம் மட்டும் விழக் கூடாது. ஆனால் ஷாக் டவரைத் தட்டுவது, பாடியை வெட்டுவது, ஸ்டியரிங் கம்பியைத் தேய்ப்பது இவையெல்லாம் கூடவே கூடாது. அவை வண்டியின் எலும்பு.

பிரேக் குழாயை முடிந்தால் நகர்த்த வேண்டும். முடியாவிட்டால் நடுவே தகர மறைப்பு வைக்க வேண்டும். பிளக் ஒயருக்கு வெப்பம் தாங்கும் உறை போட வேண்டும். குழாயைச் சுற்றித் துணிப்பட்டை சுற்றுவது சூட்டைக் குறைக்கும். ஆனால் ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவை வளர்க்கும். செராமிக் பூச்சு விலை அதிகம் என்றாலும் நல்லது.

நமக்கு இதில் என்ன?

நமக்கு மஸ்டாங் எங்கே கிடைக்கப் போகிறது என்று கேட்கலாம். கணக்கு எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். பைக் சைலன்சருக்கும் அதே அலை, அதே நீட்சி. ஆனால் நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சத்தத்துக்கும் புகைக்கும் தனி விதிகள் உண்டு. எனவே ரோட்டில் ஓடும் வண்டியில் கை வைக்கும் முன் நூறு தடவை யோசியுங்கள். லேப் இன்ஜினில், புராஜெக்ட் வேலையில் தாராளமாகச் செய்து பாருங்கள்.

கேட்டலாக்கில் குதிரைத்திறன் என்று ஒரு எண் போட்டிருக்கும். இடைவெளி எவ்வளவு என்று எந்தக் கேட்டலாக்கும் போடுவதில்லை. அதை அளந்து சொல்ல வேண்டியவர் அந்த வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் டெக்னீஷியன். டிப்ளமோ முடித்து நாம் போகப் போகிற இடம் அதுதான். வண்டிக்காரர் சாவியை வாங்கிக்கொண்டு, பிள்ளைகளைப் பின்சீட்டில் உட்கார வைத்துக் கிளம்புவார். நாம் விட்ட அரை அங்குலத்தை நம்பித்தான் அவர் பிரேக்கை மிதிக்கிறார். அளந்து செய்வோம் நண்பர்களே!